அம்மா எடை பார்த்து வாங்கிய கேமரா

கடையின் கண்ணாடி மேசை மேல் மூன்று கேமராக்கள் இருந்தன. அம்மா ஒன்றை இடது கையில் எடுத்தாள், இன்னொன்றை வலது கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளும் மெல்ல ஏறி இறங்கின. பிறகு இடது கையில் இருந்ததை வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்து, மறுபடியும் கண்ணை மூடினாள்.

"இதுதான் கனம்," என்றாள் தீர்ப்பாக. "இதையே வாங்கிக்கோ."

கடைக்காரர் கரீம் பாய் பல வருஷமாகப் பெங்களூரில் சிவாஜிநகர்ப் பக்கம் பழைய கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். எத்தனையோ வாடிக்கையாளரைப் பார்த்திருப்பார். ஆனால் என் அம்மாவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இது பாத்திரக் கடை இல்லம்மா," என்றார் பணிவாக.

"எந்தக் கடையா இருந்தா இன்னா பாய்? கனமா இருந்தாத்தானே உழைக்கும்?" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேமராவின் முதுகில் விரல் மடக்கி ரெண்டு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். "சத்தமும் நல்லாத்தான் இருக்குது."

போன வாரம் இந்தப் பத்தியில், ஃபேக்டரி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக நடந்த சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய தோழி ஒருத்தி போனில் கூப்பிட்டு, "அதெல்லாம் சரி வசந்தா, கேமராவை ஏன் மறைக்கிறே?" என்று கேட்டாள். மறைக்கவில்லை. எழுதினால் என் முட்டாள்தனமும் வெளியே வருமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வந்துவிடட்டும்.

பட்சிக்கு ரோல் கிடையாது

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு ஃபேக்டரியின் ஸ்டோர்ஸில் கிளார்க். அப்பா முனுசாமி காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் வந்து வந்து ஓய்ந்திருந்த நேரம்.

எங்கள் செக்‌ஷனில் புட்டசாமி என்று ஒரு கன்னடக்காரர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களைத் திரட்டி எங்காவது அழைத்துப் போவார். நல்ல மனிதர், ஆனால் கழுத்தில் கேமரா தொங்கும்போது கவர்னர் ஆகிவிடுவார். ஒரு ஞாயிறு ஆனேக்கல் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து முத்தியால மடுவு அருவிக்குப் போனோம்.

அருவிக்குக் கீழே, தண்ணீரைத் தொடுவது மாதிரி வளைந்த ஒரு கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை.

"புட்டசாமி, சீக்கிரம்! அத எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் கேமராவைக் கையால் பொத்திக்கொண்டார். "பட்சிக்கெல்லாம் ரோல் வேஸ்ட் பேடா, வேணாம் மேடம். நீங்க அந்தக் கல்லு மேல நில்லுங்க, உங்கள எடுக்கறேன்."

ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் என்ற காலம் அது. அவர் கணக்கும் தப்பில்லை. ஆனால் கழுவி வந்த படங்களைப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்தாறிலும் ஆட்கள் வரிசையாக நின்று அருவியை மறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு படத்தில் இருந்தேன். இரண்டிலும் எல்லாருடைய சாப்பாட்டுப் பையையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சொந்தமாக ஒரு கேமரா வாங்குவது, அதில் ஒரு மனிதரையும் எடுப்பதில்லை.

திரைச்சீலை ஏரி

அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். எனக்கு ஆறு வயதில், அப்பாவும் அம்மாவும் என்னை நடுவில் நிறுத்தி எடுத்துக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு அழகான ஏரி, இரண்டு வாத்து, ஒரு படகு. எல்லாம் ஸ்டுடியோவின் திரைச்சீலையில் வரைந்தது.

நிஜமான ஏரி அந்த ஸ்டுடியோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கேயும் வாத்து இருந்தது, படகு இருந்தது. ஆனாலும் நாங்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு, ஏரிக்கரை வழியாகவே நடந்து போய், ஏரிப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஏரிக்கரை வழியாகவே திரும்பி வந்திருக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்று எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் எடுக்க நினைத்தது அந்த நிஜ ஏரியைத்தான். காலையில் பால் வாங்கப் போகும்போது தினமும் பார்ப்பேன். ஏரிக்குள் இருக்கும் திட்டில், மரத்துக்கு மரம் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

ஆளுக்கொரு யோசனை

கேமரா வாங்கப் போகிறேன் என்று ஸ்டோர்ஸில் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பட்டனை அமுக்கினால் போதும், அந்த மாதிரி வாங்கு என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லி அனுப்பு என்றார் இன்னொருவர். "பெண்களுக்குச் சின்னதே சாக்கு, போதும் மேடம், பெரிசு எடுத்தா கை நடுங்கும்," என்றார் புட்டசாமி. அதைக் கேட்ட பிறகு சின்னது வாங்குவது என் ஜாதகத்திலேயே இல்லாமல் போயிற்று.

கரீம் பாய் ஒருவர்தான் யோசனை சொல்லாமல் கேள்வி கேட்டார். "எத எடுக்கப் போறீங்கம்மா?"

"பறவை."

"எங்க?"

"அல்சூர் ஏரியில."

"கரையில நின்னா?"

"வேற எங்க நிக்கறது? நீந்திக்கிட்டா எடுக்க முடியும்?"

அவர் சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, பட்டன் அமுக்குகிற சின்னது. இரண்டாவது, நீளமான லென்ஸ் மாட்டிய லேசான கேமரா. மூன்றாவது, முழுக்க முழுக்க இரும்பு மாதிரி இருந்த பழைய வெளிநாட்டுக் கேமரா, குட்டை லென்ஸ். இரண்டாவதைத் தொட்டுக் காட்டி, "உங்களுக்கு இதுதாம்மா சரி. தூரத்துல இருக்கறத கிட்ட இழுக்கும்," என்றார்.

துணைக்கு வந்திருந்த அம்மா அதற்கப்புறம்தான் எடை பார்த்தாள். பாய் சொன்ன இரண்டாவதை, "ப்ளாஸ்டிக் டப்பா," என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டாள்.

பழியை முழுக்க அம்மா மேல் போடக்கூடாது. எனக்கும் அந்த மூன்றாவது பிடித்திருந்தது. கறுப்பும் வெள்ளியுமாக மினுங்கியது. பட்டனை அழுத்தினால் பூட்டுத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. புட்டசாமியின் கேமராவை விட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவாளி சொன்னதை விட்டுவிட்டு ஆசை சொன்னதைக் கேட்டேன்.

பாய் வற்புறுத்தவில்லை. "பதினஞ்சு நாள் வெச்சுக்கங்க. ஒரு ரோல் எடுத்துப் பாருங்க. சரிப்படலன்னா கொண்டாங்க, அந்த லேசான கேமராவ மாத்திக் குடுக்கறேன். அதுவரைக்கும் அத யாருக்கும் விக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, இதுமேல ஒரு கீறல் விழக்கூடாது. கீறல் விழுந்த சாமான நான் யாருக்கு விக்கறது?" என்றார்.

முப்பத்தாறு மச்சம்

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனேன். அந்தக் கேமராவில் வெளிச்சம் பார்க்கும் முள் கிடையாது. ரோல் டப்பாவில் சூரியன், மேகம், நிழல் என்று படம் போட்டு, எதற்கு எந்த எண் என்று அச்சடித்திருப்பார்கள். டப்பாவைக் கிழித்து வைத்துக்கொண்டு வானத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னைப் பஞ்சாங்கம் பார்க்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நீர்க்காகங்கள் வழக்கம்போல இறக்கையை விரித்திருந்தன. ரோல் முழுக்க அவற்றுக்கே செலவு செய்தேன். ஒரு மனிதருக்கும் கொடுக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக ஒரு காலையை நான் அதற்கு முன் கழித்ததில்லை.

படம் கழுவி வந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது, வெறும் தண்ணியா இருக்குது?"

"பறவைம்மா."

"எங்க?"

விரலால் காட்டினேன்.

"இதுவா? ஈ உக்காந்திருக்குதுன்னு தொடச்சேனே."

முப்பத்தாறு படத்திலும் ஏரி அழகாக இருந்தது, வானம் அழகாக இருந்தது. நடுவில் ஒரு மச்சம். பாய் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டை லென்ஸ் பக்கத்தில் நிற்கிறவர்களை எடுப்பதற்கானது. நீர்க்காகம் என் பக்கத்தில் வந்து நிற்கப் போவதில்லை.

நல்லவேளை, கெடுவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சனிக்கிழமை போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று கேமராவை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் எடை பார்த்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்ல மனசு வரவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

கரண்ட் பேனா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், அம்மா வாசலிலேயே நிற்கிறாள். முகத்தில் ஒரு பெருமை.

"கண்ண மூடு," என்றாள். மூடினேன். கையில் கேமராவைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப பாரு."

கேமராவின் அடித்தகட்டில், நடுவில், கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது: மு. வசந்தா, அல்சூர்.

எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் அதில் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். பஜார் தெருவில், பாத்திரக் கடை வாசலில், கரண்ட் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், சொம்பு உங்களுடையதாகிவிடும். அம்மா அவரிடம் என் கேமராவைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். இதுக்கெல்லாம் வெட்டினதில்லையே என்று அவர் தயங்கியிருக்கிறார். தகடுதானே, வெட்டு என்றிருக்கிறாள்.

ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று பாய் சொன்ன தகட்டில், மொத்தம் பத்துப் பதினைந்து கீறலாவது இருந்திருக்கும்.

"உன்ன யாரும்மா கேட்டது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ரேடியோவே நின்றுவிட்டது. "நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன்! இனிமே இத எவன் வாங்குவான்? காலம் பூரா மச்சத்தையே எடுத்துட்டு இருக்க வேண்டியதுதான்!"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "போற எடத்துல எல்லாரும் ஒரே மாதிரி வெச்சிருப்பாங்களே, மாறிப் போச்சுன்னா இன்னா பண்ணுவே? கல்யாண வூட்டுக்குக் குடுத்த அண்டா திரும்பி வந்ததே பேரு இருக்கறதாலதானே?" என்றாள். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எந்த இனிஷியல் போடறதுன்னு கேட்டான். உங்க அப்பா பேரத்தான் போடச் சொன்னேன்," என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்த எழுத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்று அட்டைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இருபது வயது ஆனதிலிருந்து, என் கல்யாணத்துக்கென்று அம்மா எவர்சில்வர் சேர்த்தாள். குடம், அண்டா, அடுக்கு, தாம்பாளம், இட்லிக் குண்டான் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றில்கூடப் பெயர் கிடையாது. ஏன் வெட்டவில்லை என்று கேட்டால், "இனிஷியல் மாறுமேடி," என்பாள். புருஷன் பெயரின் முதல் எழுத்துக்காக அந்தப் பாத்திரங்கள் பதினாறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தன. நாங்கள் அடி நெளிந்த பழைய பாத்திரத்திலேயே சமைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பேர்ப்பட்ட அம்மா, கேமராவுக்கு மட்டும் காத்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கோபமும் இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல், உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பாய் திருகினார்

மறுநாள் அம்மாவும் கிளம்பிவிட்டாள். "நான் பேசிக்கறேன், நீ வாயத் தொறக்காதே," என்று வழி நெடுக எனக்குப் பாடம்.

கரீம் பாய் கேமராவை வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கவிழ்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. "இது என்னம்மா?"

"எம் பொண்ணு பேரு," என்றாள் அம்மா. "பழைய பாத்திரம் போட்டா, பேரு இருந்தா வேணாம்னா சொல்றாங்க? எடை போட்டு எடுத்துக்கறாங்க இல்ல? அதுமாதிரி நீயும் எடுத்துக்கோ பாய்."

"அம்மா, பாத்திரத்த உருக்கிடுவாங்க. இத நான் உருக்க முடியுமா? இனிமே இத விக்கணும்னா, வசந்தான்னு ஒருத்தங்க வந்து கேட்டாத்தான் உண்டு. அவங்களும் அல்சூரா இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரவேண்டிய இடம்தான். மாற்றுகிற வழி போயிற்று, நீர்க்காகம் போயிற்று, அந்த லேசான கேமரா அலமாரியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"நான் கெடுத்துட்டேனா பாய்?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பாய் கேமராவின் லென்ஸைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினார். அம்மா, "ஐயோ!" என்றாள். நானும்தான். ஒரு திருகு, இரண்டு திருகு, லென்ஸ் தனியாகக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

"ரெண்டா வருதே!" என்றாள் அம்மா.

"பேரு இதுலதானம்மா இருக்குது?" என்று கேமராவைக் காட்டினார். பிறகு லென்ஸைக் காட்டினார். "இதுல இல்லையே. இத நான் எடுத்துக்கறேன்."

கிட்டத்தட்ட இரண்டு வாரம் அந்தக் கேமராவை வைத்திருந்தவள் நான். தினமும் துடைத்தேன். அதன் லென்ஸ் தூக்குப் போசி மூடிபோலக் கழலும் என்று எனக்குத் தெரியாது. கழலும் என்று சொல்லவேண்டும் என்று பாய்க்கும் தோன்றவில்லை, அவருக்கு அது அவ்வளவு சாதாரணம். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், இன்றைக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: என்னவெல்லாம் கழலும் என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாய் உள்ளே போய் மூன்று இழுப்பறைகளைக் குடைந்து, அதே திருகுக்குப் பொருந்துகிற ஒரு நீள லென்ஸைக் கொண்டுவந்தார். குட்டையைக் கழித்துக்கொண்டு, கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்தேன். மாட்டிக் கையில் கொடுத்ததும் வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர் மாடியில் உட்கார்ந்திருந்த காக்காயின் அலகு தெரிந்தது. அலகில் ஒட்டியிருந்த சோறும் தெரிந்தது.

ஒரு எழுத்து

அடுத்த ரோலில் முப்பத்தைந்து படம் ஆடிப்போயிருந்தது. புட்டசாமி சொன்னது பாதி உண்மை, கை நடுங்கத்தான் செய்தது. ஒன்று மட்டும் விழுந்தது. கரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம், இறக்கையை முழுக்க விரித்து, கழுத்தைத் திருப்பி நேராக என்னைப் பார்க்கிற படம். அதன் கண் பச்சையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஃபேக்டரி பஸ்ஸில் அது கைக்குக் கை மாறியது. புட்டசாமி ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். "நோடி, பாருங்க, கண்ணுகூடத் தெரியுது," என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த ட்ரிப்புக்குக் கேமரா எடுத்து வாங்க மேடம் என்றார். சாப்பாட்டுப் பையை யார் தூக்குவது என்று கேட்டேன். அவரே தூக்குவதாகச் சொன்னார்.

அம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். "பேரு வெட்டினதாலதான் நல்லா வந்திருக்குது," என்றாள்.

"வெட்டினதாலதான்," என்று நானும் ஒப்புக்கொண்டேன். அப்புறம், அதிகம் யோசிக்காமல், கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தேன். "இதெல்லாம் எதுக்கும்மா தூங்குது? எடு, சமைக்கலாம்."

அம்மா தடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேரு இல்லாம எப்படிடி பொழங்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். மடியில் குடம், காலடியில் அண்டா, கைக்கு ஒரு அடுக்கு. கரண்ட் பேனாக்காரர் எங்களைப் பார்த்ததும், "கேமராம்மா வந்துட்டாங்க!" என்றார். குடத்தை மடியில் சாய்த்துவைத்துப் பேனாவைச் சொருகினார். "இனிஷியல் இன்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கேமராவுக்குச் சொன்னவளால் குடத்துக்குச் சொல்ல முடியவில்லை.

"மு.தான்," என்றேன் நான். "மு. வசந்தா."

அவர் கொஞ்சம் தயங்கினார். குடமும் அண்டாவுமாகக் கல்யாணச் சாமான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? "பின்னால மாத்தணும்னா அழிக்க முடியாதும்மா. யோசிச்சுக்கங்க," என்றார்.

அம்மா குனிந்து அந்தக் குடத்தின் கழுத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்கறதுக்கு இல்லப்பா," என்றாள். "ஆழமா வெட்டு."